நன்றாக இல்லாத படம்

புதிதாக ஒரு கலை பிறக்கும்போது அதை யாரும் கலை என்று சொல்வதில்லை. விளையாட்டு என்பார்கள்; வியாபாரம் என்பார்கள்; இளைஞர்களைக் கெடுக்க வந்த பிசாசு என்பார்கள். நாவல் வந்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். சினிமா வந்தபோதும் அப்படித்தான். இன்ஸ்டாகிராமைப் பற்றி நம் பத்திரிகைகளில் வந்திருப்பவற்றைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டே விதமான கட்டுரைகள்தாம் அகப்படுகின்றன. இரண்டு இளைஞர்கள் ஒன்றரை வருஷத்தில் எப்படிப் பணக்காரர்கள் ஆனார்கள் என்பது ஒன்று. நம் பிள்ளைகள் எப்படிப் பாழாய்ப் போகிறார்கள் என்பது மற்றது. முன்னது லாபக் கணக்கு, பின்னது நஷ்டக் கணக்கு. அந்தச் சாதனம் எந்த உருவத்தில் வந்தது, அந்த உருவத்தின் குணம் என்ன, குறை என்ன என்று பார்த்தவர்கள் குறைவு.

ஒரு நாவலைப் பார்ப்பதுபோல இதையும் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். மாதந்தோறும் 200 கோடிப் பேருக்கு மேல் திறந்து பார்க்கிற ஒரு புஸ்தகம் விமர்சனத்துக்குத் தப்பிப் போய்விடக் கூடாது அல்லவா?

புகைப்படத்தின் சரித்திரத்தைச் சுருக்கிச் சொன்னால், தலைமுறைக்கு ஒரு தடையாக யாரோ ஒருவர் எடுத்துப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார் என்று சொல்லலாம். முதல் தடை உழைப்பு. கண்ணாடித் தகடும் ரசாயனமும் இருட்டறையும் பழகியவன்தான் படம் எடுக்கலாம் என்றிருந்தது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-ல் கோடக் காமிராவைக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான பிலிம் சுருள். எடுத்து முடித்ததும் காமிராவை அப்படியே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டியது. 10 டாலர் வாங்கிக்கொண்டு, படங்களையும் புதுச் சுருள் போட்ட காமிராவையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்த தடை விலை. 1900-ல் அதே கம்பெனி பிரவுனி என்ற பெட்டிக் காமிராவை ஒரே டாலருக்கு விற்றது. மூன்றாவது தடை காத்திருத்தல். 1943-ல் எட்வின் லாண்ட் என்பவருடைய சின்னப் பெண், இப்போது எடுத்த படத்தை இப்போதே ஏன் பார்க்க முடியாது என்று தகப்பனாரைக் கேட்டாளாம். அந்தக் கேள்விக்குப் பதிலாக 1948-ல் போலராய்ட் காமிரா பாஸ்டன் நகரத்தில் விற்பனைக்கு வந்தது. பிறகு செல்போன் வந்து, காமிரா என்று தனியாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய சிரமத்தையும் போக்கிவிட்டது.

இத்தனையும் போன பிறகு ஒரே ஒரு தடை மிஞ்சியிருந்தது. அது வெட்கம். நான் எடுத்த படம் நாலு பேருக்குக் காட்டும்படியாக இல்லையே என்ற வெட்கம். இன்ஸ்டாகிராம் கை வைத்தது அந்தத் தடையின் மேல்தான். அதன் வெற்றி, தோல்வி இரண்டும் அங்கேதான் இருக்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

கெவின் சிஸ்ட்ரம் அமெரிக்கர். மைக் க்ரீகர் பிரேஸில் நாட்டில் பிறந்தவர். இருவரும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். முதலில் அவர்கள் செய்தது வேறு ஒரு செயலி. அமெரிக்க மது ஒன்றின் பெயரை ஒட்டி அதற்குப் பர்பன் என்று பெயர் வைத்திருந்தார்கள். இருக்கிற இடத்தைத் தெரிவிக்கலாம், போகப்போகிற இடத்தைத் தெரிவிக்கலாம், படமும் போடலாம் என்று அதில் எல்லாம் இருந்தன. எல்லாம் இருந்ததாலேயே அது ஓடவில்லை. படம், படத்துக்குக் கீழே பேச்சு, பிடித்திருக்கிறது என்று சொல்ல ஒரு குறி, இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டி எறிந்தார்கள். எழுதுகிறவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. நாவலுக்காகச் சேர்த்து வைத்த சரக்கில் முக்கால் பங்கை வெளியே எறியத் தெரிந்தவனுக்குத்தான் நாவல் அமைகிறது.

இந்தச் சமயத்தில்தான் சிஸ்ட்ரமும் அவருடைய தோழியும் மெக்ஸிகோவில் டோடோஸ் சான்டோஸ் என்ற கடற்கரை ஊருக்குப் போயிருந்தார்கள். நீங்கள் செய்கிற இந்தச் செயலியை நான் அதிகம் உபயோகிக்க மாட்டேன், என் படங்கள் நன்றாக இல்லை, உங்கள் நண்பருடைய படங்கள் போல வருவதில்லை என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறார். அந்த நண்பர் படங்களை அப்படியே போடுவதில்லை, அவற்றின் மேல் வேறு செயலிகளைக் கொண்டு பில்டர் போடுகிறார் என்று சிஸ்ட்ரம் பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் செயலியிலேயே பில்டர் வைத்துவிடுங்கள் என்றார் அவர். சிஸ்ட்ரம் அறைக்குத் திரும்பி, மெதுவாக ஊர்ந்த இன்டர்நெட்டில் அந்த வித்தையைத் தேடிக் கற்றுக்கொண்டு, அன்றைக்கே ஒரு பில்டரைச் செய்து முடித்தாராம். இதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 2010-ம் வருஷம் அக்டோபர் 6-ந் தேதி செயலி வெளியாயிற்று. முதல் நாளில் 25,000 பேர் சேர்ந்தார்கள். டிசம்பர் மாதத்துக்குள் 10 லட்சம் பேர்.

பில்டர் என்பது உண்மையில் என்ன? அந்தக் காலத்துச் செல்போன் காமிரா எடுத்த படங்கள் மங்கலாக, உயிரில்லாமல் இருந்தன. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவைத் தனித்தனியே ஏற்றி இறக்கி, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டி, நான்கு மூலைகளையும் இருட்டாக்கினால் படத்துக்கு ஒரு முகம் வந்துவிடுகிறது. இவை பழைய மலிவுக் காமிராக்களின் குறைகள் என்பதுதான் வேடிக்கை. மூலை இருட்டுவது மட்டமான லென்ஸின் குறை. நிறம் திரிவது, பிலிமை அதற்கு உரியதல்லாத ரசாயனத்தில் கழுவினால் வருவது. சிஸ்ட்ரம் மாணவராக இத்தாலியில் பிளாரென்ஸ் நகரத்துக்குப் படிக்கப் போனபோது, அவர் வைத்திருந்த உயர்ந்த காமிராவை ஆசிரியர் வாங்கி வைத்துக்கொண்டு, ஹோல்கா என்ற பிளாஸ்டிக் காமிராவைக் கையில் கொடுத்தாராம். சதுரமாகப் படம் எடுக்கிற காமிரா அது. குறைகளோடு வேலை செய்யப் பழகு என்பது ஆசிரியருடைய எண்ணமாக இருந்திருக்க வேண்டும். சிஷ்யரோ அந்தக் குறைகளையே ஓர் அலங்காரமாக எல்லோருக்கும் வழங்கினார். தானாக வந்த குறையை மறைக்க, வேண்டுமென்று வரவழைத்த குறை. இதுதான் பில்டரின் தத்துவம்.

இப்போது அந்தக் கடற்கரைப் பேச்சை ஒரு கதையில் வருகிற சம்பாஷணையாக எண்ணிப் பாருங்கள். ஒருவர், என் படம் நன்றாக இல்லை என்கிறார். இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். நன்றாக இல்லாவிட்டால் என்ன, நீ பார்த்ததை எனக்குக் காட்டு என்று ஒரு பதில். நன்றாக இருக்கும்படி செய்து தருகிறேன் என்று இன்னொரு பதில். முதல் பதிலைச் சொல்பவன் சிநேகிதன். இரண்டாவது பதிலைச் சொல்பவன் கெட்டிக்காரன். அவனும் அன்போடுதான் சொல்கிறான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டாவது பதிலுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. படம் நன்றாக இருந்தால்தான் காட்டலாம் என்பதை அது ஒப்புக்கொண்டுவிடுகிறது. வெட்கத்தை அது போக்கவில்லை, மூடி வைத்தது. மூடி வைத்த வெட்கம் என்றைக்காவது வெளியே வந்துதானே தீரும்?

அது வெளியே வருவதற்குச் சில வருஷங்கள் ஆயின. அதற்கு முன்னால் இருந்த நல்ல காலத்தைச் சொல்லாமல் போவது நியாயமல்ல.

ஆரம்ப கால இன்ஸ்டாகிராமுக்கு ஒரு யாப்பு இருந்தது. படம் சதுரமாகத்தான் இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு படம்தான். செல்போனிலிருந்துதான் போட வேண்டும். படங்கள் போட்ட நேர வரிசைப்படி, புதியது முதலாக நிற்கும். நீங்கள் யாரைத் தொடர்கிறீர்களோ அவர்களுடைய படங்களே உங்களுக்கு வரும். உங்களைத் தொடர்கிறவர்களுக்கே உங்கள் படம் போகும். இந்தக் கட்டுப்பாடுகளைச் சிலர் குறை என்றார்கள். எனக்கு அவை வெண்பாவின் தளையைப் போலத் தோன்றுகின்றன. சதுரத்துக்குள் படத்தை அடக்க வேண்டுமானால் எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்று யோசித்தே ஆக வேண்டும். ஒரே படம்தான் என்றால் பத்தில் ஒன்றைப் பொறுக்கியாக வேண்டும். பொறுக்குகிற இடத்தில் கலை தலைகாட்டுகிறது.

நல்ல காரியங்களும் நடக்காமல் இல்லை. 2012-ல் பீட்டர் டிகாம்போ, ஆஸ்டின் மெரில் என்ற இரண்டு அமெரிக்கர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டுக்குப் பத்திரிகை வேலையாகப் போனார்கள். உள்நாட்டுச் சண்டைக்குப் பிந்திய நிலைமையை எழுதுவதும் படம் பிடிப்பதும் அவர்களுக்கு இட்ட பணி. பெரிய காமிராவில் எடுத்தவையெல்லாம், ஆப்பிரிக்கா என்றதும் வெளியுலகம் எதிர்பார்க்கிற சோகப் படங்களாகவே அமைந்தன. செல்போனில் சும்மா எடுத்தவற்றிலோ அந்த ஊர் மனிதர்கள் வேலைக்குப் போனார்கள், சிரித்தார்கள், காத்திருந்தார்கள், சலித்துக்கொண்டார்கள். இந்தப் படங்களைக் கொண்டு 'எவ்ரிடே ஆப்பிரிக்கா' என்ற வரிசையைத் தொடங்கினார்கள். பின்னர் ஆப்பிரிக்கப் புகைப்படக்காரர்களே அதில் நிறையப் பேர் சேர்ந்தார்கள். பஞ்சமும் யுத்தமும் தவிர வேறு எதுவும் அங்கே இல்லை என்று நினைத்திருந்தவர்களுக்கு, சாதாரண வாழ்க்கை என்ற ஒன்று அங்கே உண்டு என்று அவை காட்டின. சிறுகதை செய்ய வேண்டிய வேலை அது. அதே வருஷம் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஸாண்டி புயல் அடித்தபோது, 'டைம்' பத்திரிகை ஐந்து புகைப்படக்காரர்களை இன்ஸ்டாகிராமிலேயே படம் அனுப்பச் சொல்லிற்று. அவர்களில் பென் லோவி எடுத்த படம் அட்டையில் வந்தது. செல்போன் படம் பத்திரிகைக்கு உதவாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அந்த 2012-ல்தான் ஏப்ரல் 9-ந் தேதி, பேஸ்புக் கம்பெனி இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அப்போது அங்கே வேலை செய்தவர்கள் 13 பேர். அதற்கு மூன்று மாதத்துக்குள் முன்னால்தான், ஜனவரி 19-ந் தேதி, கோடக் கம்பெனி திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. ஒரு காலத்தில் 1,40,000 பேருக்கு மேல் வேலை கொடுத்த கம்பெனி அது. இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீதி போதித்தவர்கள் பலர். எனக்கு அது மலிவான நீதியாகப் படுகிறது. கோடக்கைச் சாய்த்தது இன்ஸ்டாகிராம் அல்ல. பிலிம் இல்லாத காமிராவை 1975-லேயே செய்து காட்டியவர் கோடக்கின் எஞ்சினீயரான ஸ்டீவன் ஸாஸன்தான். விமர்சகன் கவனிக்க வேண்டியது வேறு. 13 பேர் நடத்திய ஒரு சிறு பத்திரிகையை, ஒரு பெரிய பத்திரிகை முதலாளி வாங்கினார். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியாததல்ல.

பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதிப் பழகியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். விற்பனை ஏற வேண்டும் என்று தீர்மானித்த ஒரு பத்திரிகை ஒரே நாளில் கெட்டுப் போவதில்லை. முதலில் கதைக்கு நடுவே ஒரு பெரிய படம் வரும். பிறகு கதை இரண்டு பக்கம் குறையும். பிறகு எந்தக் கதைக்கு அதிகக் கடிதம் வந்தது என்று எண்ணத் தொடங்குவார்கள். ஒவ்வொரு மாறுதலுக்கும் தக்க காரணம் இருக்கும். ஒவ்வொன்றும் வாசகர்கள் கேட்டதாகவே இருக்கும். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் பத்திரிகையின் பெயர் மட்டும் பழையது.

இங்கேயும் அப்படியே. 2013-ல் பதினைந்து விநாடி ஓடும் வீடியோ வந்தது. 2015-ல் சதுரம் போயிற்று. நீளமாகவும் அகலமாகவும் போடலாம் என்றார்கள். 2016-ல் நேர வரிசை போயிற்று. எதை முதலில் காட்டுவது என்பதை இயந்திரம் கணக்குப் போட்டுத் தீர்மானிக்கும் என்றார்கள். அதே வருஷம், 24 மணி நேரத்தில் மறைந்துபோகும் 'ஸ்டோரி' வந்தது. அது ஸ்நாப்சாட்டிலிருந்து எடுத்தது என்று சிஸ்ட்ரமே மறைக்காமல் ஒப்புக்கொண்டார். 2018-ம் வருஷம் ஜூன் மாதம் மாதாந்தர வாசகர் கணக்கு 100 கோடியைத் தொட்டது. செப்டம்பரில் நிறுவியவர்கள் இருவரும் விலகிப் போனார்கள். 2020 ஜூன் கடைசியில் இந்திய அரசாங்கம் டிக்டாக்கைத் தடை செய்தது. சில நாட்களுக்குள்ளேயே இன்ஸ்டாகிராம் 'ரீல்ஸ்' என்ற குறும் வீடியோவை இந்தியாவில் இறக்கிற்று. 2021-ல் அதன் தலைவர் ஆடம் மொஸ்ஸேரி, இனி இது படம் பகிரும் செயலி அல்ல, சதுரப் படம் பகிரும் செயலியும் அல்ல என்று தாமே அறிவித்துவிட்டார். யாப்பின் ஒவ்வொரு விதியும் இப்படிக் கழன்றது. ஸ்தாபனத்தின் வளர்ச்சி என்று நாம் சொல்வதும் உருவத்தின் தேய்வு என்று நான் சொல்வதும் ஒரே சம்பவங்கள்தாம்.

இவற்றுள் பெரிய மாறுதல் எது என்று கேட்டால் நேர வரிசை போனதைத்தான் சொல்வேன். அதுவரையில் ஒருவன் தனக்குத் தெரிந்த சிலருக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தான். அவர்கள் அவனைத் தேர்ந்தெடுத்தவர்கள். அதற்குப் பிறகு அவன் இயந்திரத்துக்குப் படம் அனுப்புகிறான். இயந்திரம் விரும்பினால் அவர்களுக்குக் காட்டும். இயந்திரம் எதை விரும்புகிறது? ஏற்கெனவே பலரும் விரும்பியதை. ஆகவே படம் எடுக்கும்போதே அந்தப் பலரையும் மனத்தில் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டியதாகிறது. ஞாபகத்துக்காக எடுத்த படம் தகவலாயிற்று. தகவல் இப்போது விண்ணப்பமாயிற்று.

இந்த விண்ணப்ப உருவத்தின் இலக்கணத்தை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் அமாலியா உல்மன் என்ற கலைஞர். அர்ஜென்டினாவில் பிறந்தவர். 2014 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தம் இன்ஸ்டாகிராமில் ஒரு பெண்ணின் கதையைப் படம் படமாகப் போட்டு வந்தார். பெருநகரத்துக்கு வந்த ஒரு சாதுப் பெண். காதல் முறிகிறது. பணமுள்ளவர்களோடு பழகுகிறாள். மார்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்கிறாள். கட்டுப் போட்ட படம் வருகிறது. மனம் உடைகிறது. எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறாள். பிறகு யோகாசனம், சத்துணவு, அமைதி. கடைசியில் ஏறத்தாழ 90,000 பேர் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். பலர் ஏசினார்கள், பலர் ஆறுதல் சொன்னார்கள். முடித்த பிறகுதான் அத்தனையும் கற்பனை என்று அவர் சொன்னார். 2016-ல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் நடந்த கண்காட்சி ஒன்றில் இதற்கு இடம் கிடைத்தது.

நாவலாசிரியன் என்ற முறையில் எனக்கு இதில் பொறாமைகூட உண்டு. மூன்று அங்கமுள்ள ஒழுங்கான கதை. வசனம் மிகக் குறைவு. வாசகர்கள் முற்றிலும் நம்பினார்கள். ஏன் நம்பினார்கள்? நாவலின் அட்டையில் நாவல் என்று போட்டிருக்கிறது. அந்த ஒரு வார்த்தை வாசகனைக் காப்பாற்றுகிறது. கதாநாயகியின் அழகைப் பார்த்து எந்த வாசகியும் தன்னை நொந்துகொள்வதில்லை. இது கதை என்று அவளுக்குத் தெரியும். இன்ஸ்டாகிராமில் அந்த அட்டை கிடையாது. அங்கே எல்லோரும் பொறுக்கி எடுத்து, திருத்தி, அடுக்கி வைத்த ஒரு கதையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் படிக்கிறவர்கள் அதைச் செய்தி என்று எண்ணிப் படிக்கிறார்கள். பெருமை அடித்துக்கொள்வது மனித சுபாவம். ஸ்டூடியோவில் இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு படம் எடுத்த காலத்திலிருந்து உள்ளதுதான். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கற்பனைக்கும் செய்திக்கும் நடுவே இருந்த அட்டை கிழிந்து போனதுதான் குற்றம்.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஜனவரியில் யாரோ ஒருவர் ஒரு கோழிமுட்டையின் படத்தைப் போட்டு, இதுவரை எந்தப் படத்துக்கும் கிடைக்காத அளவு 'லைக்' இதற்குக் கொடுங்கள் என்று கேட்டார். பத்து நாட்களுக்குள் அதுவரையில் இருந்த 1 கோடியே 80 லட்சம் என்ற சாதனையை முட்டை முறியடித்தது. பின்னர் 5 கோடியைத் தாண்டிற்று. முட்டையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதே அதன் சிறப்பு. நீங்கள் பாராட்டுவது படத்தை அல்ல, எண்ணிக்கையைத்தான் என்று கூட்டம் தன்னைத் தானே கேலி செய்துகொண்டது. கம்பெனிக்கும் இந்த உறுத்தல் இருந்திருக்க வேண்டும். அதே வருஷம் கனடாவில் தொடங்கிச் சில நாடுகளில் எண்ணிக்கையை மறைத்துப் பார்த்தார்கள். 2021-ல், விரும்புகிறவர்கள் மறைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அபின் கடைக்காரன் வாசலில், வேண்டாதவர்கள் வாங்க வேண்டாம் என்று பலகை மாட்டினது போல இருந்தது.

மூடி வைத்த வெட்கத்தைப் பற்றிச் சொன்னேன். அதன் கதைக்கு இப்போது வருகிறேன். முதலில் பில்டர் படத்தின் மேல் விழுந்தது. 2017-ல் அது முகத்தின் மேல் விழத் தொடங்கிற்று. ஆரம்பத்தில் கோலாக் காது, கிரீடம் என்று விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு வெளியார் செய்து கொடுத்தவை வந்தன. மூக்கைக் கூராக்கும், உதட்டைப் பருமனாக்கும், கன்னத்தை ஒட்டவைக்கும் பில்டர்கள். 2019-ல், அழகுக்கான அறுவைச் சிகிச்சையைக் காட்டுகிற பில்டர்களை நீக்குவதாகக் கம்பெனி அறிவிக்க வேண்டி வந்தது. வெளியார் செய்த பில்டர்கள் அனைத்தையும் 2025 ஜனவரியில் எடுத்தே விட்டார்கள்.

இதற்கிடையில் 2021-ல் பிரான்ஸெஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் கம்பெனியின் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' அவற்றைப் பிரசுரித்தது. கம்பெனி தானே நடத்திய ஆராய்ச்சி ஒன்று அவற்றில் இருந்தது. தம் உடலைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைத்த பருவப் பெண்களில் 32 சதவிகிதம் பேர், இன்ஸ்டாகிராம் தங்கள் மனநிலையை இன்னும் மோசமாக்குகிறது என்று சொன்னார்களாம். கம்பெனி இதை மறுத்தது. அந்த ஆராய்ச்சியில் கேட்கப்பட்டவர்கள் கொஞ்சம் பேர், நன்மை அடைந்ததாகச் சொன்னவர்களும் உண்டு என்று வாதித்தது. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பெண்கள் தாங்களாகச் சொன்னது வைத்தியர் கொடுத்த சான்றிதழ் ஆகாது. ஆனால் நான் அந்த வாக்கியத்தை எண்ணமாகப் பார்க்கவில்லை, எழுத்தாளனாகப் பார்க்கிறேன். மெக்ஸிகோக் கடற்கரையில் ஒரு பெண் சொன்னது, என் படம் நன்றாக இல்லை என்பது. பதினொரு வருஷம் கழித்து இந்தப் பெண்கள் சொல்வது, நான் நன்றாக இல்லை என்பது. வாக்கியம் அதுதான்; எழுவாய் மட்டும் மாறியிருக்கிறது. படத்தைத் திருத்தித் தருகிறேன் என்று சொன்னவனிடம், என்னையும் திருத்திக் கொடு என்று கேட்பது தர்க்கப்படி அடுத்த படிதானே?

இதனால் அந்த இரண்டு இளைஞர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல நான் தயாராக இல்லை. ஒரு சிநேகிதியின் சங்கடத்தைத் தீர்க்கப் பார்த்தார்கள். ஒருவருக்குச் செய்கிற உபசாரத்தை 200 கோடிப் பேருக்குச் செய்தால் அது சட்டமாகிவிடுகிறது; அதை அவர்கள் நினைக்கவில்லை.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். செயலியை அழித்துவிடுங்கள் என்று உபதேசம் செய்ய எனக்கு விருப்பமில்லை, கேட்கவும் மாட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நெருங்கிய நண்பர்களுக்கு மட்டும் காட்டுகிற வசதி ஒன்று 2018-ல் வந்தது. அதையும், ஒருவருக்கொருவர் தனியாக அனுப்பிக்கொள்கிற செய்திப் பெட்டியையும் இப்போது இளைஞர்கள் அதிகம் உபயோகிக்கிறார்கள். பொதுப் பக்கத்தைவிட அங்கேதான் நண்பர்களிடையே பகிர்வு அதிகம் நடக்கிறது என்று மொஸ்ஸேரியே சொல்லியிருக்கிறார். அங்கே அனுப்பப்படுகிற படங்களைப் பாருங்கள். ஆட்டம் கண்ட படம், பாதி தின்ற தோசை, தலைவாராத முகம், மழையில் நனைந்த செருப்பு. பில்டர் இல்லை, எண்ணிக்கை இல்லை. ஏன் அனுப்பினாய் என்று கேட்டால், உன்னிடம் காட்ட வேண்டும்போல இருந்தது என்பார்கள்.

நன்றாக இல்லாவிட்டால் என்ன, நீ பார்த்ததைக் காட்டு என்ற அந்த முதல் பதிலை யாரும் கற்றுக்கொடுக்காமலே அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். 200 கோடிப் பேர் கூடுகிற சந்தையின் பின்புறத்தில், இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற ஒரு திண்ணை இன்னும் இருக்கிறது. அதையும் விற்பனைக்கு இடம் என்று எடுத்துக்கொள்ளாமல் விட்டு வைப்பார்களானால் எனக்கு இந்தச் சாதனத்தின் மேல் அதிகக் கோபம் இருக்காது.